ஆபீஸ் முடிந்த பிறகு இன்னொரு தொழில்: பெங்களூரு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

பகல் வேலையை விடாமலே, மாலையிலும் வார இறுதியிலும் டிசைன், மென்பொருள் பணிகளைச் சொந்தமாக எடுத்துச் செய்ய விரும்புவோர் தங்கள் ஐயங்களை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பெங்களூருவிலிருந்து வந்தவை என்பதால், இந்த இதழின் பதில்கள் முழுவதையும் அவ்வூர் வாசகர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன். அதே ஊரில் பல ஆண்டுகள் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே, இரவு நேரத்தில் கடைகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் டிசைன் செய்து கொடுத்தவன் என்ற முறையில், நான் பட்டதையும் ஆங்காங்கே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: மாரத்தஹள்ளியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் தமது மரக்கடைக்கு வெப்சைட் செய்து தருமாறு கேட்கிறார். எனது நியமனக் கடிதத்தில், நிறுவனத்தின் முன் அனுமதியின்றி வேறெந்தப் பணியிலும் ஊதியம் பெற்றோ பெறாமலோ ஈடுபடக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. யாருக்கும் தெரியாமல் செய்தால் என்ன? இது சட்டப்படி குற்றமா?
- வாசகர், மாரத்தஹள்ளி

பதில்: குற்றம் அல்ல, ஒப்பந்த மீறல். போலீஸ் வராது, ஆனால் வேலை போகலாம். இணைய விவாதங்களில் பலர் எடுத்துக்காட்டும் 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 60-ஆவது பிரிவு, ஒரே நாளில் இரண்டு ஆலைகளில் ஒரு தொழிலாளியை வேலை வாங்கக் கூடாது என்பதற்காக எழுதப்பட்டது. கணினி முன் அமர்ந்திருக்கும் உங்களை நினைத்து எழுதப்பட்டதன்று. உங்களைக் கட்டுவது நீங்கள் கையெழுத்திட்ட அந்த ஒரு வரிதான். 'தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவே சொல்கிறதே' என்று நண்பர்கள் உங்களுக்குத் தைரியம் சொல்லக்கூடும். அந்தப் பிரிவு பெரும்பாலும் வேலையை விட்ட பிறகு விதிக்கப்படும் தடைக்குத்தான் கைகொடுக்கும். வேலையில் இருக்கும் காலத்துக்கு விதிக்கப்படும் தடை நியாயமானதாக இருந்தால் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே கூறிவிட்டது.

2022-இல் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அந்த ஆகஸ்டில் ஸ்விக்கி தன் ஊழியர்கள் வெளி வேலை செய்ய அனுமதிக்கும் கொள்கையை அறிவித்தது. அதே மாதத்தில் விப்ரோவின் தலைவர் ரிஷத் பிரேம்ஜி இந்த வழக்கத்தை அப்பட்டமான ஏமாற்று என்று சாடினார். அடுத்த மாதம், இதன் பொருட்டு 300 பேரை நீக்கியதாகவும் சொன்னார். இன்ஃபோசிஸ் செப்டம்பரில் எச்சரித்துவிட்டு, அக்டோபரில் மேலாளரின் முன் அனுமதியோடு போட்டியில்லாத பணிகளைச் செய்யலாம் என்று வழிவிட்டது. இவற்றில் பலர் கவனிக்கத் தவறியது ஒன்று உண்டு. விப்ரோ தான் நீக்கியவர்களைப் பற்றிச் சொன்னபோது, அவர்கள் போட்டி நிறுவனங்களுக்கு நேரடியாக வேலை செய்துகொண்டிருந்தவர்கள் என்றே சொன்னது. மரக்கடைக்கு வெப்சைட் செய்வதும், ஒரே நேரத்தில் இரண்டு ஐடி நிறுவனங்களில் மாதச் சம்பளம் வாங்குவதும் ஒன்றல்ல. பின்னதில் வருங்கால வைப்பு நிதியின் யுஏஎன் எண் ஒன்றே என்பதால், இரண்டு இடத்துப் பிடித்தமும் அந்த ஒரே எண்ணின் கீழ் வந்து நின்று காட்டிக் கொடுத்துவிடும்.

ஆகவே என் ஆலோசனை, கேட்டுவிடுங்கள் என்பதே. நீண்ட விளக்கம் தேவையில்லை. உங்கள் மேலாளருக்கும் எச்.ஆர். பிரிவுக்கும் இப்படி ஒரு மெயில் போதும்: 'என் ஓய்வு நேரத்தில், என் சொந்தக் கணினியில், மரக்கடை ஒன்றுக்கு வெப்சைட் செய்து கொடுக்க விரும்புகிறேன். அந்தக் கடை நம் நிறுவனத்தின் வாடிக்கையாளரோ போட்டியாளரோ அல்ல. நம் நிறுவனத்தின் கருவிகளையோ தகவல்களையோ இதற்குப் பயன்படுத்த மாட்டேன். இப்பணி சுமார் ஆறு வாரங்களில் முடியும். அனுமதி வேண்டுகிறேன்.' வேலையின் பெயரையும் முடியும் காலத்தையும் குறிப்பிட்டுக் கேட்டால் அனுமதி கிடைப்பது எளிது, 'ஃப்ரீலான்ஸ் செய்யலாமா?' என்று பொதுவாகக் கேட்டால், கேட்கப்படுபவர் தம் பாதுகாப்புக்காகவே 'கூடாது' என்பார். வாயால் கிடைத்த சம்மதத்தை நம்ப வேண்டாம். மேலாளர்கள் மாறுவார்கள், அன்று தலையசைத்தவர் அடுத்த மதிப்பீட்டின்போது வேறு கம்பெனியில் இருப்பார்.

மறுத்துவிட்டால்? ஒன்று, அந்த வேலையை வேறொருவருக்குக் கைகாட்டுங்கள். அல்லது வெளி வேலையை அனுமதிக்கும் நிறுவனத்துக்கு மாறும் வரை பொறுங்கள். மறைத்துச் செய்யும் வேலைக்கு உங்கள் பெயரைப் போட முடியாது, செய்ததை அடுத்த வாடிக்கையாளரிடம் காட்ட முடியாது, பணம் வராவிட்டால் வெளிப்படையாகக் கேட்கவும் முடியாது.

கடிதத்தை எடுத்த கையோடு இன்னொரு பத்தியையும் படித்துப் பாருங்கள். 'பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்தும் நிறுவனத்துக்கே உரியவை' என்பது போன்ற வாசகம் அதில் இருக்கும். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, மாறாக ஒப்பந்தம் இல்லாதவரை, பணியின் ஓர் அங்கமாக உருவாக்கப்பட்டது மட்டுமே முதலாளிக்குச் சேரும். ஆனால் சில ஒப்பந்தங்கள் அதையும் தாண்டி, ஞாயிற்றுக்கிழமை எழுதிய நிரலையும் வளைத்துப் போடும் வகையில் எழுதப்பட்டிருக்கின்றன. அப்படியிருந்தால், மரக்கடைக்காரருக்கு நீங்கள் விற்கப்போவது உங்களுடையதுதானா என்ற கேள்வி பின்னால் எழாமல் இருக்க, அனுமதி மெயிலிலேயே 'இப்பணியின் உரிமை நிறுவனத்தைச் சாராது' என்ற ஒரு வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓசூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு தினமும் போய் வருகிறேன். கம்பெனி லேப்டாப்பில் ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் எல்லாம் முறையான உரிமத்தோடு உள்ளன. ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா கிடக்கும் அந்த லேப்டாப்பில் வெளி வேலை செய்வதில் என்ன தவறு?
- வாசகர், ஓசூர்

பதில்: கம்பெனிக் காரில் சவாரி ஏற்றுவது போன்றதுதான் அது. அந்த உரிமம் உங்கள் பெயரில் இல்லை. அதில் உருவான கோப்பின் உள்விவரத்தில் நிறுவனத்தின் பெயர் பதிந்திருக்கலாம். லேப்டாப்பில் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்கும் மென்பொருளை உங்கள் ஐடி பிரிவு போட்டு வைத்திருப்பதும் இயல்பு. பழைய கணினி ஒன்றை வாங்கி நினைவகத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள், பெங்களூருவின் கணினிச் சந்தையான எஸ்.பி. ரோட்டில் அரை நாள் அலைந்தால் காரியம் முடியும். மாதச் சந்தா கட்ட இப்போது வழியில்லையென்றால், இலவசமாகவே கிடைக்கும் இங்க்ஸ்கேப், கிம்ப் ஆகியவற்றில் தொடங்குங்கள். கம்பெனி மெயில் முகவரியை வெளி வேலையில் எங்கும் தராதீர்கள். நிரல் எழுதுபவராக இருந்தால், நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் அமைப்பில் அலுவலக மெயில் முகவரி பதிந்து கிடக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். ஒவ்வொரு சமர்ப்பிப்பிலும் அது ஒட்டிக்கொண்டு போகும்.

கேள்வி: விளம்பர நிறுவனம் ஒன்றில் டிசைனராக இருக்கிறேன். வெளி வேலைக்கு அனுமதியும் வாங்கிவிட்டேன். எங்கள் பகுதிக் கடைக்காரர்கள் லோகோ, நோட்டீஸ், பெயர்ப்பலகை என்று கேட்டு வருகிறார்கள். எவ்வளவு கேட்பது என்று தெரியவில்லை. ஒரு லோகோவுக்கு 1,500 ரூபாய் வாங்கி, பதினொரு முறை மாற்றிக் கொடுத்தேன். பன்னிரண்டாவது முறை, முதலில் செய்ததே நன்றாக இருந்தது என்கிறார்கள்.
- வாசகி, அல்சூர்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். முதலில் செய்ததற்கே திரும்பி வருவது இந்தத் தொழிலின் பழைய சடங்கு.

கணக்கிலிருந்து தொடங்குவோம். உங்கள் சம்பளம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 22 நாள், நாளொன்றுக்கு 9 மணி நேரம் என்றால் 198 மணி நேரம். ஆக, ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 300 ரூபாய். அந்த 300 ரூபாயோடு விடுமுறைச் சம்பளம், வைப்பு நிதி, மருத்துவக் காப்பீடு, மின்சாரம், நாற்காலி எல்லாம் உங்களுக்குச் சேர்ந்து வருகின்றன. வெளி வேலையில் இவை எதுவும் வராது. அதோடு, தொலைபேசியில் பேசும் நேரம், கடைக்குப் போய் வரும் நேரம், வாட்ஸ்அப்பில் 'கொஞ்சம் பெரிசா போடுங்க' என்று வரும் செய்திக்குப் பதில் எழுதும் நேரம் ஆகியவற்றுக்கு யாரும் பில் போடுவதில்லை. ஆகவே உங்கள் மணிக்கணக்கு சம்பளத்தின் இரு மடங்குக்குக் குறையக் கூடாது என்பது என் கணிப்பு. லோகோவுக்குப் பத்து மணி நேரம் ஆகுமென்றால் 6,000 ரூபாய். இதைக் கேட்டுக் கடைக்காரர் எழுந்து போனால் போகட்டும். 1,500 ரூபாய்க்கு வந்தவர் நாளை 1,200 ரூபாய்க்கு வேறிடம் போவார். தெரிந்தவர் என்பதற்காகக் குறைக்க வேண்டியிருந்தால், முழுத் தொகையை பில்லில் எழுதி, அதன் கீழே தள்ளுபடியைத் தனி வரியாகக் காட்டுங்கள். அப்போதுதான் அடுத்த முறை எந்தத் தொகையிலிருந்து பேச்சு தொடங்கும் என்பது இருவருக்கும் தெரிந்திருக்கும்.

மாற்றங்களுக்கு மருந்து, கொட்டேஷனில் எழுதும் ஒரு வரி. 'இரண்டு மாதிரிகள், தேர்ந்தெடுத்த மாதிரியில் இரண்டு முறை திருத்தம், அதன் பிறகு ஒவ்வொரு திருத்தத்துக்கும் இவ்வளவு ரூபாய், பாதித் தொகை முன்பணம், இறுதிக் கோப்புகள் முழுத் தொகை வந்த பிறகு.' வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'சரி' என்று பதில் வாங்கினால்கூடப் போதும். மூன்றாவது திருத்தத்துக்குக் காசு என்று தெரிந்தால், அண்ணனும் தம்பியும் மைத்துனரும் தனித்தனியாகக் கருத்துச் சொல்வது நின்று, மூவரும் கலந்து பேசி ஒரே பட்டியலாக அனுப்புவார்கள்.

நோட்டீஸ் வேலையில், குறிப்பாகத் தமிழில் அச்சடிப்பதில், நான் ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்டேன். தொடங்கிய புதிதில் பலகாரக் கடை ஒன்றுக்குத் தீபாவளி நோட்டீஸ் செய்தேன். என் திரையில் எல்லாம் சரியாக இருந்தது. அச்சகத்தில் இருந்த பழைய மென்பொருளுக்குத் தமிழ் ஒருங்குறி எழுத்துகளைச் சேர்த்துக் காட்டத் தெரியவில்லை. எழுத்தை உருவரையாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றாமல் கோப்பை அப்படியே அனுப்பிவிட்டேன். அச்சகத்தார் 'கர்வ் ஆக்கிட்டீங்களா?' என்று கேட்கும் அதே வேலைதான். அன்று அந்தச் சொல்லே எனக்குத் தெரியாது. 'தேன்குழல்' என்ற சொல்லில் இரட்டைக் கொம்பு தகரத்துக்கு முன்னால் நிற்பதற்குப் பதிலாகப் பின்னால் போய், ஒரு புள்ளி வட்டத்தைச் சுமந்துகொண்டு நின்றது. 2,000 தாள்கள். கடைக்காரர் திட்டவில்லை, ஒரு தாளை எடுத்து அதில் முறுக்கைப் பொட்டலம் கட்டி என் கையில் கொடுத்தார். மறு அச்சுக்கான செலவு என்னுடையது. அன்று முதல், அச்சுக்குப் போகும் கோப்பில் எழுத்துகளைக் கர்வ் ஆக்கிய பிரதி ஒன்று, திருத்துவதற்கான மூலப் பிரதி ஒன்று என்று இரண்டாக வைத்துக்கொள்கிறேன். வாடிக்கையாளரிடம் புரூஃப் தாளில் கையெழுத்தோ, 'அச்சுக்கு அனுப்பலாம்' என்ற செய்தியோ வாங்காமல் எதையும் அனுப்புவதில்லை. தாளை வெட்டும்போது ஓரத்தில் வெள்ளை தெரியாமலிருக்கச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் பிளீடு விட்டிருக்கிறதா, வண்ணம் அச்சுக்குரிய சிஎம்ஒய்கே முறையில் உள்ளதா என்பதையும் கடைசியாக ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

எழுத்துரு உரிமத்தையும் கவனியுங்கள். உங்கள் விளம்பர நிறுவனம் விலை கொடுத்து வாங்கிய எழுத்துருவை வெளி வேலையில் பயன்படுத்தக் கூடாது. நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான், முக்தா மலர், ஹிந்த் மதுரை, பலூ தம்பி ஆகியவை திறந்த உரிமத்தில் கிடைப்பவை. வணிகப் பணிக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

பெயர்ப்பலகை வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன், கர்நாடகத்தில் 2024-இல் திருத்தப்பட்ட கன்னட மொழிச் சட்டத்தை நினைவில் வையுங்கள். கடைப் பலகையில் 60 சதவீதம் கன்னடமாக இருக்க வேண்டும். அது பலகையின் மேற்பாதியில் வர வேண்டும். அல்சூர் கடைக்காரர் தமிழை மேலே பெரிதாகக் கேட்டால், விதியைச் சொல்லி, கன்னடத்தை மேலே வைத்து, கீழ்ப்பகுதியில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடம் பிரித்துக் காட்டுங்கள். கன்னட எழுத்தைத் தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்க்காமல் பலகை செய்பவரிடம் கொடுக்க வேண்டாம். கொம்பு விஷயத்தில் நமக்கு நேர்ந்தது ஒத்தக்ஷர (எழுத்தின் கீழ் ஒட்டி வரும் கூட்டெழுத்து) விஷயத்தில் அவர்களுக்கும் நேரும்.

கேள்வி: கடந்த நிதியாண்டில் சம்பளம் போக, வெளி வேலைகளில் எனக்கு 3 லட்சம் ரூபாய் வந்தது. ஐடி பணிதான். சம்பளத்துக்குக் கம்பெனியே வரி பிடித்துவிடுகிறது. இந்தத் தொகைக்கு என்ன செய்வது? வரிக் கணக்கில் காட்டினால் கம்பெனிக்குத் தெரிந்துவிடுமா?
- வாசகர், வைட்ஃபீல்டு

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில். உங்கள் வருமான வரிக் கணக்கைக் கம்பெனி திறந்து பார்க்க முடியாது. ஆனால் புதிதாகச் சேர்பவரிடம் 26ஏஎஸ் படிவத்தைக் கேட்டு வாங்கும் நிறுவனங்கள் உண்டு. அதில் உங்களுக்கு யார் யார் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே வரி, பிடித்தார்கள் என்பது வரிசையாக இருக்கும். முதல் வாசகருக்குச் சொன்ன அனுமதி மெயில் உங்களிடம் இருந்தால் இந்தக் கவலையே எழாது.

வரிக்கு வருவோம். சிறு தொழில் வல்லுநர்களுக்காக 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 44ஏடிஏ என்ற பிரிவு இருந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவு எண் மாறினாலும் ஏற்பாடு தொடர்கிறது. பொறியியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள் அலங்காரம், தகவல் தொழில்நுட்பம் போன்ற குறிப்பிட்ட தொழில்களைச் செய்பவர், ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், அதில் பாதியை லாபமாகக் காட்டிவிட்டு, செலவுக் கணக்குப் புத்தகங்கள் இல்லாமலே வரி கட்டலாம். ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் வரம்பு 75 லட்சம். உங்கள் 3 லட்சத்தில் 1.5 லட்சம் சம்பளத்தோடு சேரும். சம்பளத்தின் மேல்தட்டு 20 சதவீத அடுக்கில் இருந்தால், 30,000 ரூபாயும் அதன் மீது 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 31,200 ரூபாய். கிராஃபிக் டிசைன் என்ற பெயர் அந்தத் தொழில் பட்டியலில் இல்லை. டிசைன் செய்யும் வாசகர்கள் எந்தப் பிரிவில் காட்டுவது என்பதை ஆடிட்டரிடம் கேட்டு ஒரு முறை முடிவு செய்துகொண்டு, ஆண்டுதோறும் அதையே பின்பற்றுவது நல்லது.

இனி உங்களுக்குச் சம்பளக்காரர்களின் வரிக் கணக்குப் படிவமான ஐடிஆர்-1 ஆகாது. மொத்த வருமானம் 50 லட்சத்துக்குள் இருந்து, பாதி லாபம் என்ற இந்த முறையில் காட்டினால் பொதுவாக ஐடிஆர்-4, மற்றபடி ஐடிஆர்-3. டிடிஎஸ் கழிந்த பின் கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாயை எட்டினால் முன்கூட்டிய வரி கட்ட வேண்டும். இந்த முறையைத் தேர்ந்தவர்களுக்கு நான்கு தவணை கிடையாது, மார்ச் 15-க்குள் ஒரே தவணை. இந்தத் தேதியை மறந்து வட்டி கட்டியவர்களில் நானும் ஒருவன். தொழில் வருமானம் வந்த பிறகு, பழைய வரி முறைக்கும் புதிய முறைக்கும் இடையே ஆண்டுக்கொரு முறை தாவும் சுதந்திரமும் போய்விடும் என்பதைப் பலர் காலம் கடந்தே அறிகிறார்கள். வீட்டுக் கடனுக்காகப் பழைய முறையில் இருப்பவர்கள் குறிப்பாகக் கவனிக்கவும்.

வெளி வேலைப் பணத்துக்குத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, அந்தக் கணக்கின் யுபிஐ குறியீட்டை மட்டுமே வாடிக்கையாளருக்குக் கொடுங்கள். வரும் ஒவ்வொரு தொகையிலும் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்திருந்தால் மார்ச் மாதம் கை பிசைய வேண்டியதில்லை.

கேள்வி: என் கம்பெனி அனுமதி தர மறுத்துவிட்டது. மனைவி இல்லத்தரசி. அவர் பெயரில் பில் போட்டு, அவர் கணக்கில் பணம் வாங்கினால் சிக்கல் தீர்ந்துவிடும் அல்லவா?
- வாசகர், ஸ்ரீராம்புரம்

பதில்: தீராது. வேலையைச் செய்வது நீங்கள் என்றால் வருமானமும் உங்களுடையதுதான். பெயரை மாற்றி எழுதுவது வரித்துறையிடம் ஒரு பொய், கம்பெனியிடம் இன்னொரு பொய். உங்கள் மனைவிக்கு உண்மையிலேயே இந்த வேலையில் ஆர்வம் இருந்தால் அது வேறு விஷயம். அவர் கற்றுக்கொண்டு, அவரே வாடிக்கையாளரிடம் பேசி, அவரே செய்து சம்பாதிப்பதை யாரும் கேள்வி கேட்க முடியாது. கடிதத்தில் அவரைக் கேட்டீர்களா என்பதைத்தான் நீங்கள் எழுதவில்லை.

கேள்வி: ஃபைவர் தளத்தின் வழியாக வெளிநாட்டு வேலைகள் வரத் தொடங்கியுள்ளன. நண்பர் ஒருவர், வெளிநாட்டுப் பணம் என்றால் முதல் ரூபாயிலிருந்தே ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்கிறார். உண்மையா?
- வாசகி, கே.ஆர். புரம்

பதில்: அல்ல. சேவை செய்பவருக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். மாநிலம் விட்டு மாநிலம் செய்யும் சேவைக்கும் இந்த வரம்பு பொருந்தும் என்று 2017 அக்டோபரிலேயே அறிவிக்கை வந்துவிட்டது. உங்கள் நண்பர் அதற்கு முந்தைய விதியை நினைவில் வைத்திருக்கிறார். வெளிநாட்டு வரவும் அந்த 20 லட்சக் கணக்கில் சேரும், சம்பளம் சேராது. வரம்பைத் தாண்டிப் பதிவு செய்த பிறகு, உள்ளூர் வாடிக்கையாளருக்கு 18 சதவீதம் சேர்த்து பில் போட வேண்டும். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு, எல்யுடி என்ற உறுதிமொழியை இணையத்தில் தாக்கல் செய்துவிட்டால், வரியின்றியே பில் போடலாம்.

ஃபைவர் உங்கள் தொகையில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. 100 டாலர் வேலையில் 80 டாலர்தான் உங்களுடையது. நாணய மாற்றத்தில் இன்னும் கொஞ்சம் கரையும். விலை வைக்கும்போதே இதைக் கூட்டிக்கொள்ளுங்கள். பணம் வந்ததற்கான வெளிநாட்டு வரவுச் சான்றை ஒவ்வொரு முறையும் வங்கியிடமோ பணம் அனுப்பும் நிறுவனத்திடமோ கேட்டு வாங்கிச் சேர்த்து வையுங்கள். பணம் எதற்காக வந்தது என்பதைக் காட்டும் நோக்கக் குறியீட்டை வங்கி கேட்டால், மென்பொருள் ஆலோசனைக்குப் பி0802. அமெரிக்க வாடிக்கையாளரின் பகல் நமக்கு இரவு என்பதால், எத்தனை மணி வரை பதில் தருவீர்கள் என்பதைத் தளத்திலேயே எழுதிவிடுவது உறக்கத்துக்கு நல்லது.

கேள்வி: தனியார் பயிற்சி நிலையம் ஒன்றுக்கு வெப்சைட் முடித்துக் கொடுத்து நான்கு மாதங்கள் ஆகின்றன. பாதிப் பணம் பாக்கி. டொமைனும் ஹோஸ்டிங்கும் என் பெயரில் இருக்கின்றன. சைட்டை முடக்கிவிடலாமா?
- வாசகர், எஜிபுரா

பதில்: கை துறுதுறுக்கும், செய்யாதீர்கள். அதுவரை நீங்கள் பாதிக்கப்பட்டவர், முடக்கிய நிமிடத்திலிருந்து அவர்களும் புகார் கொடுக்க முடிந்தவர்கள். டொமைனைத் தொடக்கத்திலேயே வாடிக்கையாளர் பெயரில், அவர்களது மெயில் முகவரியில், அவர்கள் பணத்திலேயே வாங்கச் செய்திருக்க வேண்டும். அடுத்த வேலையில் அப்படிச் செய்யுங்கள்.

உங்கள் கையில் வேறொரு பிடி இருக்கிறது. கணினி நிரல் பதிப்புரிமைச் சட்டத்தில் இலக்கியப் படைப்பாகக் கருதப்படுகிறது. சம்பள ஊழியராக இல்லாமல் தனியாகச் செய்து கொடுத்தவருக்கு, உரிமையை எழுத்தில் கையெழுத்திட்டு மாற்றித் தராதவரை, அது பொதுவாக அவரிடமே இருக்கும். மாற்றித் தந்த எழுத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே, பாக்கித் தொகை வந்தவுடன் உரிமையையும் டொமைனையும் எழுத்தில் மாற்றித் தருவதாகக் கூறி, பதினைந்து நாள் கெடுவுடன், பில்லை இணைத்து, மெயிலும் விரைவுத் தபாலும் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். மிரட்டும் தொனி வேண்டாம். தேதிகளும் தொகையும் மட்டும் இருக்கட்டும்.

உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவைச் செய்திருக்கிறீர்களா? ஆதாரும் பானும் இருந்தால், கட்டணமின்றி இணையத்தில் தனிநபராகவே செய்துகொள்ளலாம். 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, அப்படிப் பதிந்த குறு, சிறு நிறுவனத்துக்கு வாங்குபவர் அதிகபட்சம் 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டி. அரசின் இணையதளத்தில் புகாரும் கொடுக்கலாம். வேலையைத் தொடங்கும் முன்பே பதிவு இருந்தால்தான் இதில் முழு வலு உண்டு என்பதால், இந்தப் பாக்கிக்கு உதவாவிட்டாலும் அடுத்த வாடிக்கையாளருக்கு முன்னால் செய்து வையுங்கள். பில்லின் தலைப்பில் உத்யம் எண்ணைப் பார்த்ததும் கணக்குப் பிரிவின் நடையே மாறுவதை நான் கண்டிருக்கிறேன்.

கேள்வி: என் மகன் பகலில் ஐடி கம்பெனி, இரவு இரண்டு மணி வரை வெளி வேலை என்று இருக்கிறான். கேட்டால், 'இன்னும் ரெண்டு வருஷம்தாம்மா' என்கிறான். பணம் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் சாப்பாட்டுத் தட்டின் முன்னும் போன். நான் சொல்வதா, விடுவதா?
- ஒரு தாய், மர்ஃபி டவுன்

பதில்: சொல்லுங்கள் அம்மா, ஆனால் உடம்பைக் காட்டிச் சொன்னால் அவர் கேட்கமாட்டார், அந்த வயதில் நானும் கேட்கவில்லை. கணக்கைக் காட்டிக் கேளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காபியோடு உட்கார்ந்து, சென்ற மாதம் வெளி வேலைக்கு மொத்தம் எத்தனை மணி நேரம் போனது, எவ்வளவு கைக்கு வந்தது, யாரிடம் எவ்வளவு பாக்கி என்று மூன்றையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் முதல் எண்ணை அவரால் எழுத முடியாது. எழுதிவிட்டால், இரண்டாவதை முதலாவதால் வகுக்கச் சொல்லுங்கள். வருவது அவருடைய பகல் சம்பளத்தின் மணிக்கணக்கைவிடக் குறைவாக இருந்தால், யாரும் சொல்லாமலே ஒன்றிரண்டு வாடிக்கையாளர்களைக் கைவிடுவார். நிறைய இருந்தால், விலையை ஏற்றி வேலையைக் குறைக்க அவருக்கு வழியிருக்கிறது என்று பொருள்; அல்சூர் வாசகிக்கு எழுதியிருக்கும் பதிலை அவரிடம் காட்டுங்கள். சாப்பாட்டுத் தட்டு விஷயத்தில் மட்டும் கணக்கெல்லாம் வேண்டாம், போனை வாங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிடுங்கள்.